ரெண்டு பிளக், மூணு வால்வு: ரெண்டும் ஒண்ணா?

எங்க எடப்பாடியில ஒரு தறியைப் பார்த்து இன்னொரு தறியை மாத்தி அமைக்கறது தப்புன்னு சொல்ல ஆள் கிடைக்கறது கஷ்டம். ஒரு பட்டறையில டாபியில ஏதோ ஒரு சின்ன மாத்தம் பண்ணி ஓட்டினா, கொஞ்ச நாள்ல நாலு தெரு தள்ளி அதே மாத்தம் ஓடும். நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டற பட்டறைகளும், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளும் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கத்துக்கிட்டு வளர்ந்ததுதான். "ஏனுங்க, இது அவருது மாதிரியே இருக்குதே?"ன்னு கேட்டா, "எங்கீங்க, பட்டை வேற, போல்ட்டு வேற, நல்லா பாருங்க"ன்னு பதில் வரும்.

கேட்டவர் பொய் சொல்லலை. பதில் சொன்னவரும் பொய் சொல்லலை. அங்கதான் சிக்கலே.

"மாதிரியே இருக்குதே"ங்கற இந்தக் கேள்வியை வச்சு சென்னை உயர்நீதிமன்றத்துல ஆரம்பிச்சு, டெல்லி வரைக்கும் போயிட்டு வந்து, 12 வருஷம் இழுத்த ஒரு வழக்கு உண்டு. பஜாஜ் ஆட்டோவுக்கும் டிவிஎஸ் மோட்டாருக்கும் நடந்த பேட்டன்ட் சண்டை. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. (காப்புரிமைன்னு எழுதலாம். ஆனா காப்பிரைட்டுக்கும் அதே சொல்லைப் போட்டு நாம குழப்பி வச்சிருக்கோம். அதனால பேட்டன்ட்டுன்னே எழுதறேன்.)

முதல்ல என்ஜின் கதை. பைக் ஓட்டறவங்க எல்லாருக்கும் ஸ்பார்க் பிளக் தெரியும். சிலிண்டருக்குள்ள பெட்ரோலும் காத்தும் கலந்து உள்ளே வரும், பிஸ்டன் அதை அழுத்தும், பிளக் ஒரு பொறி விடும், கலவை எரியும், பிஸ்டன் கீழே தள்ளப்படும். பிளக் ஒரு ஓரத்துல இருந்தா, அங்க பத்தின தீ எதிர் ஓரத்துக்குப் போய்ச்சேர கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரத்தை நாம கண்ணால பார்க்க முடியாது, ஆனா என்ஜினுக்கு அது பெரிய நேரம். மைலேஜுக்காக பெட்ரோலைக் குறைச்சு காத்தைக் கூட்டினா கலவை இன்னும் மெதுவா எரியும். எதிரெதிரா ரெண்டு பிளக் வச்சா? ரெண்டு பக்கமிருந்தும் தீ கிளம்பி நடுவுல சந்திக்கும். வேகமாவும் முழுசாவும் எரியும்.

பஜாஜ் இதுக்கு டிடிஎஸ்-ஐன்னு பேர் வச்சு 2003-ல் பல்சர்ல போட்டு விட்டாங்க. அப்போ காலேஜ் வாசல்ல நின்ன பைக்குகள்ல அந்த ஸ்டிக்கரைப் பார்க்காதவங்க இருக்க முடியாது :-) அதுக்கு முன்னாடியே, 2002 ஜூலை 16 அன்னிக்கு, பேட்டன்ட் கேட்டு மனு போட்டாச்சு. 2005 ஜூலை 7 அன்னிக்குக் கிடைச்சது. எண் 195904.

கவனிங்க, "ரெண்டு பிளக் வைப்பது எங்கள் கண்டுபிடிப்பு"ன்னு அதுல எழுதியிருந்தா அன்னிக்கே செத்திருக்கும். ஏன்னா ரெண்டு பிளக் பழைய சமாச்சாரம். ஒண்ணு நின்னுபோனாலும் இன்னொண்ணு காப்பாத்தட்டும்னு விமான என்ஜின்ல ரொம்ப காலமா ரெண்டு பிளக் வைக்கறாங்க. ஆல்ஃபா ரோமியோ கார்ல ட்வின் ஸ்பார்க்னு பேரே உண்டு. ஹோண்டா 1985-ல் வாங்கின ஒரு அமெரிக்க பேட்டன்ட்லயும் ரெண்டு பிளக் வருது. அதனால பஜாஜ் எழுதினது இப்படி: நாலு ஸ்ட்ரோக் என்ஜின், சிலிண்டர் துளையோட விட்டம் 45 மில்லிமீட்டர்ல இருந்து 70 மில்லிமீட்டருக்குள்ள, அதுல ரெண்டு பிளக், அதுல ஒரு பிளக்கை ஆயில் நனைக்காம காக்க ஒரு உறை. அதாவது, "பெரிய என்ஜின்ல எவன் வேணா வச்சிருக்கட்டும், இத்தனூண்டு என்ஜின்ல வச்சு வேலை செய்ய வச்சது நாங்க".

அடுத்து ஓசூர். 2007 ஆகஸ்ட் கடைசியில டிவிஎஸ் தன்னோட 125 சிசி ஃபிளேமை அறிவிச்சாங்க. அதுலயும் ரெண்டு பிளக். ஆனா வால்வு மூணு: கலவை உள்ளே வர ரெண்டு, புகை வெளியே போக ஒண்ணு. பல்சர்ல உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு, மொத்தம் ரெண்டுதான். இந்த மூணு வால்வு தொழில்நுட்பத்தை ஆஸ்திரியா நாட்டு ஏவிஎல் நிறுவனத்துகிட்ட இருந்து முறைப்படி வாங்கினோம்னு டிவிஎஸ் சொன்னாங்க.

பஜாஜ் பக்கம் இருந்து "இது எங்களோடது"ன்னு பத்திரிகைகள்ல பேச்சு வந்துச்சு. டிவிஎஸ் சும்மா இருக்கலை. பேட்டன்ட்டையே ரத்து பண்ணச் சொல்லி, அப்போ சென்னையில இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனாங்க. ஆதாரமில்லாம மிரட்டறாங்கன்னு சென்னை உயர்நீதிமன்றத்துல வழக்கும் போட்டாங்க. (அப்படி ஒரு பிரிவு பேட்டன்ட் சட்டத்துல நிஜமாவே உண்டு, 106.) பஜாஜும் அதே நீதிமன்றத்துல எதிர் வழக்கு போட்டு, ஃபிளேமை நிறுத்தணும்னு கேட்டாங்க.

ஆக ரெண்டு என்ஜின் நீதிமன்றத்துக்கு முன்னாடி. பிளக்கைப் பார்த்தா ஒண்ணு. வால்வைப் பார்த்தா வேற. எதைப் பார்க்கணும்?

2008 பிப்ரவரி 16. தனி நீதிபதி பி. ஜோதிமணி தடை கொடுத்தார். அவர் பார்வையில இந்தக் கண்டுபிடிப்போட சாரம் சின்ன என்ஜின்ல ரெண்டு பிளக். அந்தச் சாரத்தை எடுத்துக்கிட்டு கூட ஒரு வால்வு சேர்த்துட்டா அது வேற பொருள் ஆயிடாது. ஆங்கிலேய சட்டத்துல இதுக்கு 1870-கள்ல இருந்தே ஒரு சொல்வழக்கு உண்டு, நம்ம பாஷையில சொன்னா "தண்டோட உள்சோறும் எலும்போட மஜ்ஜையும்". குதிரைக்கு முடி வெட்டற மிஷினைப் பத்தின ஒரு வழக்குல புகழ் பெற்ற சொல். கரும்பு விளையற ஊர்க்காரனுக்கு இன்னும் சுலபமா சொல்லலாம்: சாறு எது, சக்கை எது? சாறை எடுத்துட்டு சக்கையை மாத்திக் கட்டினா அதுவும் திருட்டுதான்.

டிவிஎஸ் அந்த மார்ச்சுல ஒத்தை பிளக் வச்சு ஃபிளேமை விக்க ஆரம்பிச்சாங்க. மேல்முறையீடும் போச்சு.

2009 மே 18. அதே உயர்நீதிமன்றம், ரெண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு. அதே பேட்டன்ட், அதே என்ஜின், அதே படங்கள். தடை ரத்து. இவங்க பார்வையில பஜாஜோட கண்டுபிடிப்பை வெறும் "ரெண்டு பிளக்"னு சுருக்க முடியாது. அது ரெண்டு வால்வு இருக்கற என்ஜின்ல ரெண்டு பிளக்கை அமைச்ச விதம். டிவிஎஸ்ஸோட மூணாவது வால்வு ஒட்டு வேலை இல்லை, கலவை உள்ளே வந்து எரியற விதத்தையே அது மாத்துது. அதனால மேலோட்டமா பார்க்கறப்போ மீறல்னு சொல்ல முடியலை.

இதைப் படிச்சா "யாரு சரி?"ன்னு கேக்கத் தோணும். அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு கேளுங்க. ரெண்டு தரப்பும் என்ஜினை அக்கக்காக் கழட்டிக் காட்டியாச்சு. நிபுணர்கள் எழுதிக் கொடுத்தாச்சு. எந்த போல்ட்டு எங்க இருக்குங்கறதுல தகராறே இல்லை. அப்புறமும் எப்படி ரெண்டு விடை வருது? ஏன்னா என்ஜின்ல இருந்து வரலை விடை. "இந்தக் கண்டுபிடிப்பு என்னன்னா..."ன்னு ஆரம்பிக்கற ஒரு வாக்கியத்துல இருந்து வருது. "சின்ன என்ஜின்ல ரெண்டு பிளக்"னு அந்த வாக்கியத்தை முடிச்சா ஃபிளேம் உள்ளே. "ரெண்டு வால்வு என்ஜின்ல ரெண்டு பிளக்"னு முடிச்சா ஃபிளேம் வெளியே. நடுவுல ஒரே ஒரு சொல்தான் கூடுது. கோடிக்கணக்கான ரூபா வியாபாரம் அந்த ஒரு சொல்லுல தொங்குது.

படிச்ச நீதிபதிகளுக்கே இப்படின்னா, சட்டமும் தெரியாத என்ஜினும் தெரியாத சாதா ஜனங்க கையில இந்தக் கேள்வியைக் கொடுத்தா? நம்ம ஊர்ல பேட்டன்ட் வழக்குக்கு ஜூரி கிடையாது. கொலை வழக்குக்கு இருந்த ஜூரியே, 1959 நானாவதி வழக்குல பம்பாய் ஜூரி சொன்ன தீர்ப்பு பெரிய சர்ச்சையான பிறகு மெல்ல மறைஞ்சு, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல இடமில்லாம போயிடுச்சு. ஆனா இங்கிலாந்துல அந்தக் காலத்துல இருந்தது, அமெரிக்காவுல இன்னிக்கும் இருக்கு. அங்க நடந்த சில கதைகளைப் பார்த்தா சென்னைத் தீர்ப்புகளும் கொஞ்சம் தெளிவாப் புரியும்.

நூலும் தறியும் சோறு போடற ஊர்க்காரன், நூல்ல இருந்தே ஆரம்பிக்கறேன். 1785 ஜூன், லண்டன். ரிச்சர்ட் ஆர்க்ரைட்டை நூற்பு மில்லுக்கே தகப்பன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அவரோட 1775 பேட்டன்ட்டை ரத்து பண்ணணும்னு வழக்கு, ஜூரி முன்னாடி. பஞ்சை மெல்ல இழுத்து நீட்டற ஜோடி உருளைகள் யாரோட யோசனை? தாமஸ் ஹைஸ்னு ஒருத்தர் வந்து, அதை நான் முன்னமே செஞ்சேன்னார். ஜான் கேன்னு ஒரு கடிகாரக்காரர் வந்து, ஹைஸுக்கு நான் மாதிரி செஞ்சு கொடுத்தேன், அதைத்தான் ஆர்க்ரைட்டுக்கும் காட்டினேன்னார். (நாடாவைப் பறக்க விட்டு 1733-ல் பேட்டன்ட் வாங்கின ஜான் கே வேற ஆளு. அந்தப் பாவப்பட்ட மனுஷனோட நாடாவை நெசவு முதலாளிகள் காசு கொடுக்காமயே ஓட்டினாங்க. வழக்குச் செலவுக்குன்னு சங்கமே வச்சு எதிர்த்து நின்னாங்க. அவர் கடைசியில பிரான்சுக்குப் போயிட்டார்.) ஹார்கிரீவ்ஸோட மனைவியும் மகனும் வந்து, பஞ்சை உரிச்செடுக்கற சீப்பு எங்க வீட்டுதுன்னாங்க. பேட்டன்ட்ல ஆர்க்ரைட் வேணும்னே புரியாத மாதிரி எழுதி வச்சார்ங்கற குற்றச்சாட்டும் கூடவே. ஜூரி ஆர்க்ரைட்டுக்கு எதிரா சொல்லிடுச்சு. பேட்டன்ட் போச்சு.

அந்த ஜூரி ரெண்டு மிஷினையும் பக்கத்துல வச்சா ஒப்பிட்டாங்க? ஒண்ணு காகிதத்துல இருக்கு. இன்னொண்ணு சாட்சிகளோட பழைய ஞாபகத்துல இருக்கு. மிஷினை ஒப்பிடச் சொன்னா மனுஷங்க மனுஷங்களைத்தான் ஒப்பிடுவாங்க: இவன் ஏழை, இவன் பேச்சு நம்பற மாதிரி இருக்கு, அவன் பணக்காரன், அவன் எழுத்து மூடுமந்திரமா இருக்கு. ஜூரி மேல சொல்ற பெரிய குறை இது. பெரிய பலமும் இதுவேன்னு சொல்றவங்க உண்டு.

அடுத்தது எங்க பக்கத்து லாரி பாடிக்காரங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவுல ராஸ் வினான்ஸ்னு ஒருத்தர், நிலக்கரி ஏத்தற ரயில் பெட்டியை புனல் மாதிரி வட்டமா, கீழ குறுகலா செஞ்சார். அப்படிச் செஞ்சா பாரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும், தகடு மெல்லிசா இருந்தாலும் தாங்கும், பெட்டி எடை குறையும். டென்மெட்னு இன்னொருத்தர் அதே மாதிரி செஞ்சார், ஆனா வட்டம் இல்லை, எட்டுப்பட்டை! பலன் கிட்டத்தட்ட அதேதான். கீழ் நீதிமன்ற நீதிபதி, "பேட்டன்ட்ல வட்டம்னு இருக்கு, எட்டுப்பட்டை மீறல் ஆகாது"ன்னு ஜூரிக்குச் சொல்லிட்டார். 1853-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 பேர் கணக்குல அதை மாத்துச்சு. கச்சிதமான வட்டம் யாராலயும் செய்ய முடியாது, வட்டத்துக்கு எவ்வளவு கிட்ட வந்தா அதே பலன் கிடைக்கும்னு ஜூரிதான் பார்த்துச் சொல்லணும்னு. எதிர்த்த நாலு பேரோட கவலையும் நியாயம்தான்: எழுதின சொல்லுக்கு மதிப்பில்லைன்னா, எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாதுன்னு அடுத்த பட்டறைக்காரனுக்கு எப்படித் தெரியும்?

இந்த இழுபறியில இருந்துதான் அமெரிக்காவுல மூணு கேள்வி கொண்ட ஒரு சோதனை பின்னாடி பிறந்துச்சு: செய்யற வேலை அதேவா, செய்யற விதம் அதேவா, கிடைக்கற பலன் அதேவா? சென்னை வழக்கை இதுல போட்டுப் பாருங்க. வேலை அதே: கலவையைச் சீக்கிரம் எரிக்கணும். பலனும் கிட்டத்தட்ட அதே. விதம்? அங்கதான் மூணாவது வால்வு வந்து உக்காருது.

மூணாவது கதை ஒரு சலவைக்கடைக் கதை. ஹெர்பர்ட் மார்க்மேன்னு ஒருத்தர், துணி தொலையாம கணக்கு வைக்க ஒரு கம்ப்யூட்டர் முறைக்கு பேட்டன்ட் வாங்கினார். அதுல "சரக்கு இருப்பு"ன்னு அர்த்தம் வர்ற ஒரு சொல் இருந்துச்சு. எதிராளியோட கருவி பில்லையும் பணத்தையும் மட்டும்தான் கணக்கு வைக்கும், துணியை வைக்காது. ஜூரி ரெண்டையும் பார்த்துட்டு மீறல்தான்னு சொல்லிட்டாங்க. நீதிபதி, "இருப்புன்னா இங்க துணியும் சேர்ந்ததுதான்"னு சொல்லி ஜூரி முடிவைத் தள்ளிட்டார். 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதா நீதிபதி பக்கம் நின்னுச்சு: பேட்டன்ட்ல இருக்கற சொல்லுக்கு என்ன அர்த்தம்னு நீதிபதி சொல்லணும். அந்த அர்த்தத்தைக் கையில வச்சுக்கிட்டு பொருளைப் பார்த்து மீறலா இல்லையான்னு ஜூரி சொல்லணும். நம்ம சென்னை வழக்குல நடந்தது இதுதான், ஒரே ஆள் ரெண்டு வேலையும் செஞ்சாங்கங்கறது மட்டும்தான் வித்தியாசம். சொல்லுக்கு அர்த்தம் வச்சதுமே பாதிக்கு மேல முடிஞ்சு போச்சு.

ஜூரிக்கு எவ்வளவு சுமைன்னு தெரியணும்னா 2012 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியாவுல நடந்த ஆப்பிள் - சாம்சங் வழக்கைப் பாருங்க. 9 பேர் ஜூரி. 700-க்கு மேல கேள்விகள் இருந்த தீர்ப்புத் தாள். மூணு நாள்ல முடிச்சு 100 கோடி டாலருக்கு மேல நஷ்டஈடு சொன்னாங்க (பின்னாடி அது பல தடவை மாறிச்சு). அதுல தோற்றத்துக்கு வாங்கின டிசைன் பேட்டன்ட்டுகளும் உண்டு. அதே வருஷம் லண்டன்ல ஒரு நீதிபதி, ஜூரி இல்லாம, சாம்சங் டேப்லெட் ஆப்பிளோட பதிவு செஞ்ச டிசைன் மாதிரி இல்லைன்னு தீர்ப்பு சொன்னார். காரணத்துல ஒண்ணு, சாம்சங்குது அந்த அளவுக்கு எடுப்பா இல்லையாம். ஜெயிச்சும் திட்டு வாங்கினது சாம்சங்தான் :-)

"அப்போ ஜூரி இருக்கறதுனாலதான் குழப்பமா?"ன்னு கேட்டா, அதுவும் இல்லை. கால் முடி பிடுங்கற எபிலேடின்னு ஒரு கருவி. அதுல சுத்தற ஸ்பிரிங். போட்டிக் கம்பெனி ஸ்பிரிங்குக்குப் பதிலா கீறல் போட்ட ரப்பர் தண்டு வச்சாங்க. இங்கிலாந்து நீதிமன்றம் மீறல் இல்லைன்னுச்சு, ஜெர்மனி நீதிமன்றம் மீறல்தான்னுச்சு. ரெண்டு இடத்துலயும் படிச்ச நீதிபதிகள். ஒரே பேட்டன்ட், ஒரே ரப்பர்.

இதுக்கு மனசு பக்கமிருந்து ஒரு விளக்கம் உண்டு. ஆமோஸ் ட்வெர்ஸ்கிங்கற உளவியலாளர் 1977-ல் ஒத்துமையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். ரெண்டு பொருளுக்கு நடுவுல ஒத்துமைங்கறது ஸ்கேல் வச்சு அளக்கற தூரம் மாதிரி இல்லைங்கறார். "எவ்வளவு ஒத்திருக்கு?"ன்னு கேட்டா மனசு பொதுவான அம்சங்களைத் தேடிப் போகுது. "எவ்வளவு வித்தியாசம்?"னு கேட்டா வேறுபடற அம்சங்களைத் தேடிப் போகுது. அதே ஜோடி, கேள்வி மாறினா எடை மாறுது. இன்னொண்ணு, அது ரெண்டு பக்கமும் சமமா ஓடாது. வட கொரியா சீனா மாதிரின்னு சொல்றதை ஏத்துக்கற அளவுக்கு, சீனா வட கொரியா மாதிரின்னு சொன்னா ஜனங்க ஏத்துக்கலை. நமக்கு இது புதுசா என்ன? "பையன் அப்படியே அப்பா மாதிரி"ன்னு சொல்லுவோம். "அப்பா அப்படியே பையன் மாதிரி"ன்னு யாராவது சொல்றமா? யார் முதல்ல வந்தாரோ அவர் அளவுகோல் ஆயிடறார்.

பேட்டன்ட் வழக்குல பேட்டன்ட்காரர்தான் எப்பவும் அப்பா. அவர் முதல்ல நின்னுதான் கதை ஆரம்பிக்கும். அவர் வக்கீல் ஒத்துமையைக் கேப்பார், எதிர் வக்கீல் வித்தியாசத்தைக் கேப்பார். ஜூரி ஆனாலும் சரி, நீதிபதி ஆனாலும் சரி, மனுஷ மனசு ஒண்ணுதானே? ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. ஜூரி "ஆமா" "இல்லை"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாங்க, ஏன்னு எழுதமாட்டாங்க. நீதிபதி பக்கம் பக்கமா எழுதியாகணும். சென்னையில ரெண்டு தீர்ப்பும் ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்தாலும், எந்தச் சொல்லுல பிரிஞ்சாங்கன்னு நம்மால விரல் வச்சுக் காட்ட முடியுது. நம்ம முறைக்கு இது ஒரு லாபம்னு நினைக்கிறேன்.

நஷ்டம் எங்கன்னா, நேரத்துல. 2009 செப்டம்பர் 16 அன்னிக்கு உச்ச நீதிமன்றத்துல மார்க்கண்டேய கட்ஜுவும் அசோக் குமார் கங்குலியும், இந்த மாதிரி வழக்குகள் இடைக்காலத் தடைங்கற இடத்துலயே வருஷக்கணக்கா நிக்குதுன்னு வருத்தப்பட்டு, தினமும் விசாரிச்சு நவம்பர் 30-க்குள்ள முடிங்கன்னு உத்தரவு போட்டாங்க. அதுவரைக்கும் டிவிஎஸ் விக்கலாம், ஆனா கணக்கு சுத்தமா வைக்கணும். எல்லா நீதிமன்றமும் இப்படிப்பட்ட வழக்குகளை சாதாரணமா நாலு மாசத்துக்குள்ள முடிக்கணும்னும் சொன்னாங்க.

நவம்பர் வந்துச்சு, போச்சு. பத்து நவம்பர் போச்சு. 2019-ல் ரெண்டு கம்பெனியும் சமாதானமாப் போறோம்னு அறிவிச்சு வழக்குகளை முடிச்சுக்கிட்டாங்க. மேலே சொன்ன ரெண்டு தீர்ப்புமே இடைக்காலத் தீர்ப்புதான், ஞாபகம் வச்சுக்கங்க. சாட்சிகளை முழுசா விசாரிச்சு, "ரெண்டும் ஒண்ணுதான்"னோ "இல்லை"ன்னோ இறுதியா யாரும் சொல்லவே இல்லை. ஃபிளேம் இப்போ விற்பனையில இல்லை. மனு போட்ட நாள்ல இருந்து 20 வருஷம்ங்கற கணக்குல பேட்டன்ட் காலமும் 2022 ஜூலையோட முடிஞ்சது.

பெரிய கம்பெனிகளுக்கு இது ஒரு செலவுக் கணக்கு. ஓசூர்ல ஒத்தை பிளக் மாட்டி வண்டியை இறக்கிட முடிஞ்சுது. எங்க ஊர் மாதிரி இடத்துல ஆறு பேர் வேலை செய்யற பட்டறைக்கு இடைக்காலத் தடைன்னா அதுவே இறுதித் தீர்ப்பு. ரெண்டு மாசம் மிஷின் நின்னா வேலை செஞ்சவங்க வேற இடம் தேடிப் போயிடுவாங்க. திருப்பியும் பாருங்க: அதே பட்டறைக்காரர் நிஜமாவே புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சு பேட்டன்ட் வாங்கியிருந்தா, பெரிய கம்பெனி ஒரு வால்வைச் சேர்த்துட்டு எடுத்துக்கிட்டா, 12 வருஷம் தாக்குப்பிடிப்பாரா?

பட்டறைக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய இன்னொரு வழக்கும் உண்டு. உத்தரப் பிரதேசம் மிர்சாபூர்ல பாத்திரம் கடையற லேத். பாத்திரம் தெறிச்சு ஓடாம பிடிச்சுக்க ஒரு அமைப்பு, அதுக்கு ஒரு பேட்டன்ட். 1950-கள்ல ஆரம்பிச்ச சண்டை 1978 டிசம்பர்ல உச்ச நீதிமன்றத்துல முடிஞ்சுது: ஏற்கனவே தெரிஞ்ச சாமானைப் பட்டறைத் திறமையால கொஞ்சம் மேம்படுத்தினது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது, பேட்டன்ட் செல்லாது. எங்க ஊர் டாபி மாத்தங்கள்ல பலதும் இந்தக் கணக்குலதான் வரும். அதாவது, பெரும்பாலான நேரம் நாலு தெரு தள்ளி அதே மாத்தம் ஓடறதுல சட்டத்துக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனா அந்தக் கோட்டைத் தாண்டி நிஜமாவே புதுசா செஞ்ச ஒருத்தர் அங்க இருந்தா, அவருக்கும் "இதெல்லாம் பட்டறை வேலைப்பா"ன்னு அதே பதில்தான் கிடைக்கும். அவரைப் பிரிச்சுக் காட்ட அவர்கிட்ட இருக்கறது அவர் எழுதி வச்ச அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான்.

2021-ல் மேல்முறையீட்டு வாரியத்தை மூடிட்டாங்க. அந்த வழக்குகள் எல்லாம் உயர்நீதிமன்றங்களுக்கே வந்துடுச்சு. சென்னையில 2023-ல் இதுக்குன்னு தனிப் பிரிவும் வந்துச்சு. நாலு மாசக் கணக்கு இனியாவது நடக்குதான்னு பார்ப்போம்.

உங்க ஊர்ப் பக்கம் கோழிப்பண்ணையிலயோ, சேகோ மில்லுலயோ, தறியிலயோ இப்படி "இது என்னோடது"ன்னு நடந்த சண்டை ஏதாவது தெரிஞ்சா எழுதுங்க மக்களே. யார் ஜெயிச்சாங்கங்கறதை விட, ரெண்டு பேரும் கண்டுபிடிப்பை எந்த வாக்கியத்துல சொன்னாங்கன்னு கேட்டு எழுதினா எனக்கு ரொம்ப சந்தோஷம்.